சுவரைப் பார்த்துச் சுடுதல்

வேலையிலிருந்து வந்ததும் நான் செய்கிறவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. கதவைத் தாழிடுவது. முகம் கழுவுவது. போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைப்பது. மின்விசிறியை நிறுத்துவது. அடுப்பில் எதுவும் இல்லை என்று பார்ப்பது. குக்கர் விசிலடித்தால் கை ஆடும். இவ்வளவும் ஆன பிறகுதான் பீரோவைத் திறந்து பெட்டியை எடுப்பேன்.

பெட்டிக்குள் இருப்பது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் போட்டிகளில் ஒற்றைக் கையால் சுடும் பிஸ்டல். காற்று உருளையைக் கழற்றி மெத்தைமேல் வைப்பேன். குண்டு போடும் இடத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பேன், பிறகு விரலால் தடவிப் பார்ப்பேன். குண்டு டப்பா வேறு அறையில், பூட்டின அலமாரியில். அதன்பின் சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்று, இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டு, வலது கையைத் தூக்குவேன்.

குண்டில்லாமல் சுடும் இந்தப் பயிற்சியை எங்கள் கிளப்பில் டிரை என்பார்கள். விசையை அழுத்தினால் ‘டக்’ என்று சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். குறிக்கு அட்டைகூட வேண்டாம். வெற்றுச் சுவர் போதும். அட்டை இருந்தால் கண் அதன் கறுப்பு வட்டத்துக்கு ஓடிவிடும். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லாததால் துப்பாக்கியின் நுனியில் இருக்கும் முன்குறியை மட்டும் பார்க்கலாம். விசை அவிழும் நொடியில் அந்த முன்குறி அசைந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அசையாவிட்டால் பத்து. அசைந்தால் எந்தப் பக்கம் அசைந்ததோ அந்தப் பக்கம் குண்டு போயிருக்கும்.

அதை எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. சுவரில் ஓட்டை விழாது. நானே சுட்டு, நானே பார்த்து, நானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு ஆய்வகத்தில். அங்கே எந்தக் கருவியையும் அதைக் கொண்டே சோதிக்க மாட்டோம். வீட்டில் எனக்கு வேறு வழியில்லை.

காஞ்சிபுரத்தில் வீடு எடுத்ததற்குக் காரணம் கம்பெனி பஸ்தான். ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும், திரும்பக் கொண்டுவந்து விடும். அம்மா அண்ணன் குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறாள். பக்கத்து ஏனாத்தூரில் கல்லூரி படித்தபோது உடன் இருந்தவர்களில் ஒருத்திகூட இப்போது ஊரில் இல்லை. தனிப் பெண்ணுக்கு வீடு கொடுக்க யோசிப்பவர்கள் மத்தியில், நெசவாளர் தெரு ஒன்றில் ஒரு கட்டடத்தின் பாதி கிடைத்தது. ஒரு கூடம், ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை. மறு பாதியில் ஒரு நெசவுக் குடும்பம். அக்கா தறியில் உட்கார்ந்து நெய்வாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஏந்தி ஓடும் நாடாக் கட்டையைக் கோத்துக் கொடுப்பார். தறி இருந்தது எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி. என் பக்கத்தில் அந்தச் சுவர் மட்டும்தான் ஜன்னலும் அலமாரியும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு, அவ்வளவுதான். அதனால் அதையே பார்த்து நின்றேன்.

முதல் சில வாரங்கள் எனக்கே விசித்திரமாக இருந்தது, சனிக்கிழமை சாயங்காலம் தாழ்ப்பாள் போட்டால் ஞாயிறு காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை என் குரலை நானே கேட்பதில்லை என்பது. பிறகு அதுவும் பழகிவிட்டது. தறிச் சத்தமும் அப்படித்தான் பழகியது. மிதி அழுத்தும் சத்தம், நாடா ஓடும் சத்தம், பிறகு இழையை நெருக்கிப் பலகை விழும் ஒரு தட்டு. கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்பதால் நிதானமான தட்டு. சுவரே மூச்சு விடுவதுபோல இருக்கும். விசிறிச் சத்தத்தையும் குக்கரையும் அணைத்த நான், இதை ஒரு சத்தமாகவே எண்ணவில்லை.

ஒரு நாள் காலை, தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நடந்தபோது அக்கா கையில் தண்ணீர்க் குடத்தோடு நிறுத்தினாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா நெனச்சிக்காத. சாயங்காலம் ஆனா ஸ்விட்ச்ச போட்டுப் போட்டு அணைக்கிறியே, இன்னாத்துக்கு?”

“ஸ்விட்சா?”

“டக்கு, டக்குன்னு கேட்டுக்கினே கீது. இவரு சொல்றாரு, லைட்டு ரிப்பேரா இருக்கும்னு. நான் சொன்னேன், இல்ல, பாவம் புள்ள தனியா கீதே, பயந்துக்கினு லைட்ட போட்டு அணைக்குதுன்னு.”

துப்பாக்கி என்று சொல்ல வாய் வரவில்லை. வாடகைக்கு விட்டவர் காதுக்குப் போனால் அடுத்த வீடு தேட வேண்டியிருக்கும். காற்றுத் துப்பாக்கி, விளையாட்டுக்கு, என்றெல்லாம் குடத்தோடு நிற்கிறவளுக்கு எங்கிருந்து விளக்குவது?

“கைக்கு எக்சர்சைஸ்கா. ஒரு சின்ன மெஷின்.”

“பயம் ஒண்ணும் இல்லியே?”

“இல்லக்கா.”

“இருந்தா சுவத்த தட்டு” என்றாள். “இந்தாண்டதான் கீறேன், எங்க போவப் போறேன்.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது சிரிப்பு போய்விட்டது. என்னைப் பற்றி ஒருவர், வீட்டுக்குள் அவர் வீட்டுக்காரரோடு, பேசியிருக்கிறார் என்பதை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குப் போய் கிளப்பில் நிஜக் குண்டு போட்டுச் சுடுவேன். பிஸ்டல் என்னுடையது அல்ல, கிளப்பினுடையது. போட்டிக்குப் போகிறவர்களுக்கு இரவல் கொடுப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பராமரிக்க வேண்டும், மதிப்பெண் காட்ட வேண்டும். எனக்கு மதிப்பெண்தான் வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து நான் சுட்டவை எல்லாம் என் கணக்கில் பத்து, ஒன்பது. கிளப்பில் அட்டையைத் திரும்ப இழுத்துப் பார்த்தால் ஓட்டைகள் இடது பக்கம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், கூட்டமாக இருக்கும். விசையை வெடுக்கென்று இழுத்தால் வலக்கைக்காரர்களுக்குக் குண்டு போகும் இடம் அது.

பயிற்சியாளர் சார் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“வீட்ல டிரை பண்றியா, இல்ல பெட்டியத் தொறந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிட்டு மூடிடறியா?”

“தினம் பண்றேன் சார். டிரைல அசையறதே இல்ல.”

“டிரைல எல்லாரும் சாம்பியன்தாம்மா.” அட்டையை என் கையில் கொடுத்தார். “பாரு, மாநிலப் போட்டியில இந்தத் தடவ கட் மார்க் தாண்டணும். தாண்டலன்னா பிஸ்டல இங்க வச்சிடு. உனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு கேட்டுக்கினு கீது. நான் இன்னா சொல்றது அதுக்கு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கோயிலுக்கும் பட்டுக் கடைக்கும் போகிற குடும்பங்கள். என் மடியில் பெட்டி. இது போய்விட்டால் சாயங்காலங்களில் என்ன செய்வேன் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். சமையல். துணி. அம்மாவுக்குப் போன். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டில் சரியாக வருவது கிளப்பில் தவறாக வருகிறதென்றால் இரண்டு இடத்துக்கும் இடையே ஏதோ வேறுபட வேண்டும். வெளிச்சம்: வீட்டில் கிளப்பில் இருப்பதுபோல வெள்ளை விளக்கு மாட்டினேன். காலணி: போட்டிக் காலணியை வீட்டுக்குள் போட்டு நின்றேன். எடை: உருளையைக் கழற்றுவதால் முன்பாரம் குறைகிறதா என்று அதே எடையில் காலி உருளையைப் பொருத்திப் பார்த்தேன். கைப்பிடி, கண்ணாடி, மூச்சு. ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஏழு மணியில் ஓட்டைகள் அப்படியே இருந்தன. போனில் என்னையே வீடியோ எடுத்து, காலையில் கம்பெனி பஸ்ஸில் பார்ப்பேன். தோள், மணிக்கட்டு, இடுப்பு. பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எப்போதும் சத்தமில்லாமல். தவறு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு முந்தைய திங்கட்கிழமை. வழக்கமான வரிசை முடித்து நின்றேன். கை ஏறியது, இறங்கியது, சுவரின் நடுவில் நின்றது. விசையின் முதல் அழுத்தம் எடுத்தாயிற்று. இரண்டாவது அழுத்தம் வரவேண்டும். வரவில்லை. விரல் அங்கேயே நின்றது. முன்குறி மெல்ல நடுங்க ஆரம்பித்தது. கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடி அதேதான். எதற்கோ காத்திருப்பதுபோல விரல். மூன்றாவது முறை பொறுமை இழந்து அழுத்தினேன். முன்குறி இடது பக்கம் கீழே பாய்ந்தது. கிளப்பில் அட்டையில் நான் பார்த்த அதே இடம். என் வீட்டுச் சுவரில் அதை முதன்முறையாகப் பார்த்தேன்.

பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. தெருவில் ஒரு பைக் போனது முழுதாகக் கேட்டது. தறி ஓடவில்லை.

ஒரு பாவில் சேலைகள் நெய்து முடிந்துவிட்டால் தறி சில நாள் நிற்கும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலைக்குச் சத்தம் கிடையாது. இது எனக்குத் தெரியும். முன்பும் நின்றிருக்கும், நான் ஷிப்ட் நீண்டோ ஊருக்குப் போயோ இல்லாமல் இருந்திருப்பேன், அல்லது கவனித்திருக்க மாட்டேன்.

மெத்தையில் உட்கார்ந்து போனில் பழைய வீடியோ ஒன்றை எடுத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். தட்டு, டக். இடைவெளி. தட்டு, டக். இடைவெளி. என் விசைச் சத்தம் ஒவ்வொரு முறையும் பலகை விழுந்த பிறகு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டதுபோல விழுந்தது. இன்னொரு வீடியோ. அதிலும் அப்படியே. பலகை ஒரு முறை தாமதித்தபோது, நூல் அறுந்திருக்கலாம், என் கையும் தாமதித்து நின்றது. அக்கா மறுபடி தட்டியதும் நான் சுட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் கிரானைட் மேசைக்குக் கீழே ரப்பர் மெத்தை இருக்கிறது. சாலையில் லாரி போகும் அதிர்வு அளவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான்தான் அதைக் காட்டி விளக்குவேன். வீட்டில் அதே தவறை மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். விசையை எப்போது விடுவது என்பதை நான் முடிவு செய்யவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தி முடிவு செய்துகொண்டிருந்தாள். கிளப்பில் அவள் இல்லை. அங்கே விரல் காத்திருந்தது, தட்டு வரவில்லை, பொறுமை இழந்து வெடுக்கென்று இழுத்தது.

காரணம் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. வேறு எந்தச் சத்தத்தையும் என் உடம்பு இப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. தெருவில் எத்தனையோ சத்தம். கோயில் மணிகூட உண்டு. இதை மட்டும் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க யாரோடும் ஒட்டாத நான், சாயங்காலம் ஒருத்தியோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அந்த அமைதியான நாட்களை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். செவ்வாயும் புதனும் நான் செய்த பயிற்சியைச் சுடும் பயிற்சி என்று சொல்ல முடியாது. கையைத் தூக்குவேன், விரல் காத்திருக்க ஆரம்பித்தால் இறக்கிவிடுவேன். பெரும்பாலும் இறக்கினேன். சில நேரம் விரல் எதற்கும் காத்திருக்காமல் தானே அழுந்தும். ‘டக்’ வரும்போது எனக்கே வியப்பாக இருக்கும். அப்படி வரும் ஒன்றுதான் சரியான ஒன்று. நடுவே தோள் கனத்து உட்காருவேன். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை. யாராவது கதவைத் தட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். “இன்னிக்கு என்ன சமைச்ச?” என்றாள். சொன்னேன். வைத்துவிட்டாள்.

வியாழன் காலை பஸ்ஸுக்கு ஓடும்போது அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“பாவு ஏத்தியாச்சும்மா. இன்னிக்கு நல்ல நேரம், தொடங்கிடுவோம். மூணு நாளா தறி சும்மா கெடந்து ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

இன்னும் மூன்று நாள் தள்ளித் தொடங்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. “நல்லதுக்கா” என்றேன்.

அன்று சாயங்காலம் தட்டு திரும்ப வந்தது. சுவரைப் பார்த்து நின்றதும் உடம்பு தளர்ந்து அதோடு சேரப் பார்த்தது, வீட்டுக்கு வந்த மாதிரி. முதல் ‘டக்’ அச்சாகத் தட்டின் வாலில் விழுந்தது. முன்குறி அசையவே இல்லை, அழகான பத்து. பிஸ்டலை வைத்துவிட்டேன்.

சமையல் மூலையில், காலண்டர் மாட்டியிருந்த குறுகலான சுவர் ஒன்று இருந்தது. காலண்டரைக் கழற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். தறிக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டு விழும்போதெல்லாம் கையை இறக்கினேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவே விரல் தானாக அழுந்தினால் சரி. இல்லையென்றால் விட்டுவிடுவது. வியாழனும் வெள்ளியும் சனியும் அப்படியே போயின. யாரையோ பார்த்தும் பார்க்காததுபோல நடந்து போவது போன்ற ஒரு சங்கடம் எனக்குக் கடைசிவரை இருந்தது.

போட்டியில் எனக்குக் கிடைத்தது வரிசையின் ஓரத்து இடம். பக்கத்தில் யார் யாரோ சுடும் சத்தம், எதற்கும் ஓர் ஒழுங்கு கிடையாது. முதல் குண்டுக்கே விரல் காத்திருந்தது. இறக்கினேன். மறுபடி தூக்கினேன், இறக்கினேன். எனக்குப் பின்னால் நின்ற சார் பெருமூச்சு விடுவது காதடைப்பானைத் தாண்டிக் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. மூன்றாவது முறை விரல் எதற்கும் காத்திருக்கவில்லை. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையில் பத்து. அதற்குப் பிறகும் ஏழு மணிக்குச் சில போயின. ஒன்று மிக மோசமாகப் போனது. நேரம் தீருமோ என்று பயந்து கடைசிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டேன். எல்லாம் கூட்டி வந்தபோது கட் மார்க்கைவிட இரண்டு கூடுதலாக இருந்தது.

சார் திரையைப் பார்த்தார். “இன்னாம்மா, சுட வந்தியா, கைய தூக்கித் தூக்கி வணக்கம் வைக்க வந்தியா?” பிறகு பெட்டியைக் கண்ணால் காட்டி, “சரி, எடுத்துக்கினு கெளம்பு” என்றார்.

பொழுது சாயும் முன்பே ஊர் வந்துவிட்டேன். அம்மாவுக்குச் சொன்னபோது, “இனிமே கல்யாணப் பேச்சு எடுக்கலாமா?” என்றாள். போனை வைத்துவிட்டு, பெட்டியோடு தெருவில் நின்றேன். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டேன். கிளப், போட்டி, வீடியோ, தட்டு, டக், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அக்கா பிஸ்டலைத் தொடவில்லை. கீரைத் தண்டால் சுட்டிக்காட்டினாள்.

“இத்த அந்தச் சுவத்த பார்த்துதான் புடிச்சியா?”

“ஆமாக்கா. குண்டு கெடையாது, காத்து கெடையாது…”

“அந்தச் சுவத்துக்கு இந்தாண்ட நான் உக்காந்துக்கினு கீறேன்.”

“ஆமா…”

“அப்ப இத்தினி நாளா தெனம் என்னத்தான் சுட்டுக்கினு இருந்தியா?” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “யோவ், கேட்டியா? புள்ள பயந்துக்கினு லைட்ட அணைக்கல. என்னச் சுட்டுக்கினு இருந்திருக்குது!”

உள்ளிருந்து அவர், “குறி தப்பிடுச்சா?” என்றார். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவள் கீரையை முறத்தில் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

“அதான் பாத்தேன், ரெண்டு மூணு நாளா டக்கு சத்தம் இந்தாண்ட கேக்கல. வூடு காலியாயிடுச்சோன்னு இருந்துச்சு.”

“சமையல்கட்டுப் பக்கம் மாறிட்டேன்கா. இங்க நின்னா உங்க கூட சேந்து சுடறேன்.”

“அது தப்பா?”

“போட்டிக்குத் தப்புக்கா.”

“சரி, அப்ப அங்கியே நில்லு” என்றாள். கொஞ்சம் கீரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த சுற்றுப் போட்டி வெளி மாநிலத்தில். அதற்காக இப்போதும் தினம் சமையல் மூலையில்தான் நிற்கிறேன். பழைய சுவரைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்க இனி முடியாது; அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் தட்டு விழும். நான் அதைக் கேட்காமல் இருக்கப் பழகுகிறேன். நல்ல நாட்களில் முடிகிறது. அப்படி முடிகிற நாட்களில் வீடு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பயிற்சி முடிந்ததும் செய்கிறவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. பிஸ்டலைத் துடைப்பது. பெட்டியில் வைப்பது. பீரோவைப் பூட்டுவது. காலண்டரைத் திரும்ப மாட்டுவது. கடைசியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். கூடத்துக்கு வந்து, பழைய சுவரின் ஓரத்தில் இருக்கும் ஸ்விட்ச்சை ஒரு முறை போட்டு அணைப்பது. சில நாள் அதன் பிறகு தறி ஒரு தட்டு தாமதிக்கும். எனக்காகத்தானா, ஜரிகை அறுந்ததா என்று சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடிவதில்லை.